அது அடுப்பில்லை, உலை

குழுவில் வந்த அந்தப் பதிவைப் பற்றி எதுவும் பேச வேண்டாம் என்று இரண்டு நாள் அடக்கிக்கொண்டிருந்தேன். முடியவில்லை. "இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனால் ஒரு கல் அடுப்பு, ஒரு குட்டை. யாரும் போய் ஏமாறாதீர்கள்." கிரீன்வுட் ஃபர்னஸ் பூங்காவைத்தான். அங்கே போகச் சொன்னது நான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அது அடுப்பில்லைங்க. உலை. 1834 முதல் 1904 வரை பென்சில்வேனியா மலைக்குள் இரும்பு உருக்கிய உலை. தாது, சுண்ணாம்புக்கல், மரக்கரி மூன்றையும் மேல்வாய் வழியாகக் கொட்டி, கீழே காற்றை ஊதி, உருகிய இரும்பை மணல் வாய்க்காலில் ஓடவிட்டார்கள். கரிக்காக ஒரு நாளுக்குச் சுமார் 1 ஏக்கர் காடு போனது. நம் ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், கரிமூட்டம்தான். விறகை அடுக்கி, இலையும் மண்ணும் போட்டு மூடி, நாள்கணக்கில் தூங்காமல் காவல் இருக்க வேண்டும். தீ பிடித்தால் உழைப்பு அத்தனையும் சாம்பல். மலையே மொட்டையாகி, உலையும் அணைந்த பிறகு 1906-இல் அரசு அங்கேயே மரநாற்றுப் பண்ணை வைத்தது. இப்போது நீங்கள் படம் எடுத்துப் போட்டிருக்கிற பச்சை அதற்கப்புறம் வந்ததுதான்.

பூங்கா சின்னது, ஒத்துக்கொள்கிறேன். 423 ஏக்கர். ஏரி 6 ஏக்கர். குழந்தைகளுக்கு அலுத்துப்போனது என்றால் அதுவும் நியாயம்தான். சாப்பிடக் கடை இல்லை என்கிறீர்கள். கட்டுசோறு கொண்டு போங்கள் என்று நான் முன்பே எழுதியிருந்தேன். நுழைவுக்கட்டணம்கூடக் கிடையாது. அப்புறம் எதில் ஏமாந்தீர்கள்?

"இவ்வளவு கோபம் எதற்கு, ஒரு கல் கட்டடத்துக்காகவா?" என்று கேட்பீர்கள். ஆமாம், அதற்காகத்தான்.

அப்பா கோவையில் ஒரு பவுண்டரியில், அதாவது இரும்பு வார்க்கும் ஆலையில், 31 வருடம் மோல்டர். உருகிய இரும்பை ஊற்ற மண்ணில் அச்சு பிடிக்கிற வேலை. இங்கே வந்திருந்தபோது நயாகராவுக்குக் கூட்டிப் போனேன், நியூயார்க் காட்டினேன். எல்லாவற்றுக்கும் "நல்லாருக்குது கண்ணு" என்பார், அவ்வளவுதான். இந்த உலைக்கு முன்னால் மட்டும் அரை மணி நேரம் நகரவில்லை. "ஏங்கண்ணு, மேலிருந்துதான சார்ஜ் போட்டிருப்பாங்க?" என்று கேட்டு (சார்ஜ் என்றால் உலைக்குள் கொட்டுகிற தாதும் கரியும்), என் பதிலுக்குக் காத்திராமல் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து ஒரு பிடி மண் எடுத்து, மூடிப் பிடித்து, விரலைத் திறந்தார். உதிர்ந்துவிட்டது. "ஈரம் பத்தல" என்றார். பவுண்டரி ஆட்கள் மோல்டிங் மண்ணை அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு என் மகளை உட்கார வைத்து, இரும்பு எந்தப் பக்கம் வெளியே வரும், யார் எங்கே நின்றிருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தன் வேலையைப் பற்றி அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. நானும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

அந்த இடத்தைத்தான் அடுப்பு என்றீர்கள்.

பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறதே, போனீர்களா? அந்த ஊரில் வாழ்ந்து அந்த மண்ணிலேயே கிடக்கிறவர்கள். நம்மைப் போலவே பிழைக்க வந்தவர்கள் அதில் எத்தனை பேரோ. நாம் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம் என்பதற்காக, கை வெந்து வேலை பார்த்தவர்கள் நின்ற இடம் பார்க்க லாயக்கில்லாததாகிவிடுமா?

அந்தப் பதிவுக்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களில் மூன்று பேர் எங்கள் வீட்டில் அப்பா போட்ட காபியைக் குடித்தவர்கள். பெயர் சொல்லப் போவதில்லை.

வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மறுபடி போகிறேன். வண்டியில் மூன்று இடம் இருக்கிறது. புளிசாதம் நான் கொண்டுவருகிறேன்.