ஐரிஷ் நெல்லின் வழிமரபு

அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ்காரர்களும் கறுப்பின மக்களைப் போலவே அடிமைகளாக இருந்தவர்கள்தாம் என்றொரு வாதம் இணையத்தில் ஓயாமல் வலம் வருகிறது. அதைப் பகிர்பவர்கள் எலினார் பட்லரின் வரலாற்றை ஒருமுறையாவது அறிந்துகொள்ள வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

'ஐரிஷ் நெல்' என்று ஊரார் அழைத்த இவர், இன்று அமெரிக்க மாநிலமாகவும் அன்று ஆங்கிலேயரின் குடியேற்றப் பகுதியாகவும் இருந்த மேரிலாந்தின் உரிமையாளரான பால்டிமோர் பிரபுவின் ஒப்பந்தப் பணிப்பெண்ணாக அங்கு வந்தவர். குறித்த சில ஆண்டுகள் உழைக்கக் கட்டுப்பட்ட ஒப்பந்தப் பணியாளரின் வாழ்வு கொடியதுதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் ஒப்பந்தக் காலம் முடிந்தால் அவருக்கு விடுதலை உண்டு; அவர் பெறும் பிள்ளைகள் பிறக்கும்போதே இன்னொருவரின் உடைமையாகிவிடுவதில்லை. 1681இல் நெல், வில்லியம் போர்மனின் பண்ணையில் அடிமையாக இருந்த சார்லஸ் என்ற கறுப்பினத்தவரை மணந்தார். அடிமையை மணக்கும் சுதந்திரப் பெண், கணவர் உயிரோடு இருக்கும்வரை அவருடைய எசமானருக்கு ஊழியம் செய்ய வேண்டும், பிறக்கும் பிள்ளைகளும் அடிமைகளே என்று 1664ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. பிரபுவே எச்சரித்தும், சார்லஸைத்தான் மணப்பேன் என்று நெல் உறுதியாக நின்றதாகப் பிற்காலச் சாட்சியங்கள் கூறுகின்றன. ஒரு பெண் தன் மனத்துக்குப் பிடித்தவரை மணந்ததற்காக, அவருடைய பேரப்பிள்ளைகளையும் தண்டித்த சட்டம் அது. அவர்கள் மணந்த 1681ஆம் ஆண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் திருமணம் அதற்கு முன்பே நடந்துவிட்டதால், திருத்தம் இந்தக் குடும்பத்தைக் காக்கவில்லை.

நெல், சார்லஸ் ஆகியோரின் வழித்தோன்றல்களான வில்லியம் பட்லர், மேரி பட்லர் தம்பதியினர் தங்கள் மூதாட்டி சுதந்திரமான வெள்ளைப் பெண் என்று வாதிட்டு 1770இல் வழக்கில் வென்றனர். மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. இந்த வழக்குக்காக, நெல்லை நேரில் அறிந்தவர்களும் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுமான முதியவர்களின் வாக்குமூலங்கள் திரட்டப்பட்டன; எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் வரலாறு இன்று நமக்குக் கிடைப்பது அவற்றால்தான். பெற்றோர் தோற்ற இடத்தில் மகள் நிமிர்ந்து நின்றார் என்பதை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. அவர் பெயரும் மேரிதான். தன்னை அடிமையாக வைத்திருந்த ஆடம் கிரெய்க் என்பவருக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில், 1664ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நெல் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டதற்கு ஆவணமே இல்லை என்பது முதன்மை பெற்றது, 1787இல் அவர் வென்றார். 1791இல் மேல்முறையீட்டிலும் அந்த வெற்றி நிலைத்தது. அதன்பின் பட்லர் குடும்பத்தைச் சேர்ந்த மேலும் பலர், இந்தத் தீர்ப்பை முன்வைத்துத் தங்கள் விடுதலைக்காக வழக்குத் தொடுத்தனர்.