தோவாளைப் பூ விலைக்கு எந்த ஃபிரேம்வொர்க்?

நிகழ்நேரச் செயலிகளுக்கு, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைச் சர்வரில் இயக்கும் நோட்.ஜேஎஸ் ஒன்றே போதும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்லும் முடிவை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. தோவாளைப் பூச்சந்தையின் விலையை விடியற்காலையில் வியாபாரிகளின் கைப்பேசிகளுக்கு உடனுக்குடன் அனுப்பும் செயலியை எங்கள் நாகர்கோவில் குழு எழுதிவருகிறது. ஏராளமான இணைப்புகளைத் தாங்குவதில் நோட் சளைத்ததல்ல. ஆனால், ஓணத்துக்கு முந்தைய நாட்களில் பிச்சிப்பூவின் விலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் கேட்ட பழைய விலை அறிக்கையைக் கணக்கிட நோட்டின் ஒற்றை ஈவென்ட் லூப் (வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் சுழற்சி) அரை நொடி எடுத்துக்கொண்டால், அந்த அரை நொடியும் மற்ற அனைவரும் காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் கணக்கைத் தனியே இயங்கும் ஒர்க்கர் த்ரெட்டுக்கு மாற்றலாம், எனினும் எதை மாற்றுவது என்று கண்டறியும் பொறுப்பு நிரலாளரின் தலையில் விழுகிறது. எலிக்சிர் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட ஃபீனிக்ஸ் ஃபிரேம்வொர்க்கில் ஒவ்வொரு இணைப்புக்கும் சில கிலோபைட் நினைவகத்தில் தொடங்கும் தனி ப்ராசஸ் (தனித்து இயங்கும் சிறு வேலை) உண்டு. நீளும் கணக்கை, எலிக்சிர் நிரல்களை இயக்கும் எர்லாங் மெய்நிகர் இயந்திரமே இடைநிறுத்தி அடுத்ததற்கு வழிவிடுகிறது, ஒரு ப்ராசஸ் பழுதாகி விழுந்தாலும் மற்றவை தொடர்ந்து இயங்குகின்றன. 2015-இல் ஒரே சர்வரில் 20 லட்சம் வெப்சாக்கெட் இணைப்புகளை, அதாவது தொடர்ந்து திறந்திருக்கும் இருவழி இணைப்புகளை, ஃபீனிக்ஸ் குழுவினர் நிலைநிறுத்திக் காட்டினர் (அது 40 கோர், 128 ஜிபி நினைவகம் கொண்ட பெரிய இயந்திரம்). எலிக்சிர் அறிந்தவர்கள் நம் மாவட்டத்தில் எளிதில் கிடைப்பதில்லை என்பது உண்மையான தடைதான். கணக்கீடு குறைவாகவும் குழு சிறியதாகவும் இருந்தால் நோட்டையே தேர்ந்தெடுக்கலாம்; அந்த நிபந்தனையைக் கட்டுரை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்.