அந்த நெப்டியூன் மைக்கேலாஞ்சலோவின் கைவேலை அல்ல

"மைக்கேலாஞ்சலோ செதுக்கிய கடல் தேவன்" என்ற குறிப்புடன் பிளாரன்ஸ் நகரின் சின்யோரியா சதுக்கத்து நீரூற்றுப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. செதுக்கியவர் பார்த்தொலோமியோ அம்மன்னாட்டி. முதலில் வேலை பாச்சோ பாண்டினெல்லி என்ற சிற்பியிடம் இருந்தது. 1560-இல் அவர் இறந்ததும் கைமாறியது. பக்கத்திலேயே மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை நிற்பதால் வந்த குழப்பமோ என்னவோ. (அதுவும் நகல்தான், அசல் 1873-லேயே இடம் மாறிவிட்டது.)

சரி, சிலையை உற்றுப் பாருங்கள். பளிங்கு முகத்தில் தெரிவது ஆட்சியாளர் முதலாம் கோசிமோ மெடிச்சியின் சாயல். கடலிலும் தன் கை ஓங்க வேண்டும் என்று நினைத்தவர் அவர்; அதனால்தான் ரோமானியக் கடல் தேவனான நெப்டியூன். காலடியில் குதிரைகள் இழுக்கும் தேர், அதன் சக்கரத்தில் ராசிச் சின்னங்கள். ஊர்க்காரர்களோ, "அம்மன்னாட்டி, எவ்வளவு அழகான பளிங்கைப் பாழாக்கிவிட்டாய்!" என்று கேலி பேசினார்கள்.