காத்திருந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே

முந்தாநாளிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வீடியோவைப் பற்றித்தான். யார் போட்டது, யார் யார் கண்ணீர் பொம்மை வைத்தது என்று மறுபடி சொல்லத் தேவையில்லை. டெஃப் லெப்பர்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ரிக் ஆலன் ஒற்றைக் கையால் டிரம்ஸ் வாசிக்கிறார். பின்னணியில் சோக வயலின். "மனம் இருந்தால் கை எதற்கு?" என்று மஞ்சள் எழுத்தில் ஒரு வாசகம். டிரம்ஸ் வாசிப்பவரின் வீடியோவில் டிரம்ஸ் சத்தத்தை அடக்கிவிட்டு வயலினை ஏற்றியிருக்கிறார்கள். என் எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது.

கீழே நான் எழுதியது ஒரே வரி. "அவர் எழுந்து வரும்வரை குழு காத்திருந்தது, அதையும் சொல்லுங்கள்." அவ்வளவுதான். "உங்களுக்கு எதிலும் குற்றம்தான் தெரியும்" என்று கிளம்பிவிட்டார்கள். சரி, குற்றம் பார்ப்பவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஷெஃபீல்டு, இங்கிலாந்தின் எஃகு நகரம். 1977இல் அங்கே தொடங்கிய இந்தப் பையன்கள் ஒத்திகை பார்த்தது பழைய ஸ்பூன் தொழிற்சாலை ஒன்றில். ஆலன் சேர்ந்தபோது அவருக்கு வயது 15. 1983இல் வந்த 'பைரோமேனியா' ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. முதலிடத்தில் மைக்கேல் ஜாக்சன் உட்கார்ந்திருந்தால் யார்தான் என்ன செய்வது? அடுத்த ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1984 டிசம்பர் 31 அன்று, ஷெஃபீல்டுக்கு அருகே ஆலனின் கார் கவிழ்ந்தது. இடது கை துண்டாகிப்போனது. மருத்துவர்கள் ஒட்டவைத்தார்கள், கிருமித் தொற்று வந்ததால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு 21 வயது.

இந்த இடத்தில்தான் வீடியோ தாவி ஓடுகிறது. படுக்கையில் மனிதர், அடுத்த காட்சியில் மேடையில் மனிதர். நடுவில் இருந்த காலம் எங்கே போயிற்று?

ஸ்டூடியோ செலவு ஏறிக்கொண்டே இருந்தது. விளம்பரம் கொடுத்தால் இங்கிலாந்தில் பாதி டிரம்மர்கள் வாசலில் வரிசையில் நின்றிருப்பார்கள். குழு யாரையும் தேடவில்லை. ஆலன் கட்டிலில் சரிந்து விழாமலிருக்கக் கால்மாட்டில் வைத்திருந்த நுரைப் பஞ்சில் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்னேர் என்கிற அந்த 'டக்' டிரம் உட்பட, இடது கை அடித்ததை இடது கால் அடிக்க முடியும் என்று அங்கேதான் பிடிபட்டது. அதற்கேற்ப பெடல்கள் வைத்த எலக்ட்ரானிக் டிரம்ஸ் தயாரானது. 1986இல் அயர்லாந்தில் சில நிகழ்ச்சிகளில் துணைக்கு இன்னொரு டிரம்மரை அருகே உட்காரவைத்தார்கள். ஒருநாள் அவர் வந்துசேரத் தாமதமாக, ஆலன் தனியாகவே வாசித்தார். பிறகு துணை தேவைப்படவில்லை. அந்த ஆகஸ்டில் இங்கிலாந்தின் டானிங்டன் மைதானத்தில் நடந்த ராக் திருவிழாவில் பாடகர் ஜோ எலியட் அவர் பெயரைச் சொன்னதும் கூட்டம் போட்ட சத்தத்தைத் தேடிக் கேளுங்கள். தயவுசெய்து, வயலின் இல்லாமல் கேளுங்கள்.

1987 ஆகஸ்டில் வந்தது 'ஹிஸ்டீரியா'. மூன்று ஆண்டுக்கு மேல் இழுத்த வேலை. அமெரிக்காவில் முதலிடத்தைத் தொடவே அடுத்த ஆண்டு ஜூலை ஆகிவிட்டது. உலகெங்கும் இரண்டு கோடிக்கு மேல் விற்றது. இந்த நன்றாக ஓடிய கதையெல்லாம் உங்களுக்கு வேண்டாம், தெரியும். மனவுறுதிதான் வேண்டும்.

"அது ஆல்பத்தில் மிஷின் வாசித்தது" என்று ஒரு அறிவாளி. இருக்கட்டும். ஆலனுக்கு இரண்டு கையும் இருந்தபோது வந்த 'பைரோமேனியா'விலும் கம்ப்யூட்டர் டிரம்ஸ்தான். அப்போது எங்கே இருந்தீர்கள்?

"இதே குழுதானே 1982இல் கிட்டாரிஸ்ட் பீட் வில்லிஸைத் துரத்தியது?" ஆமாம், துரத்தியது. குடியினால். அதுவும் இதுவும் ஒன்றா? இன்னொரு கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் கிளார்க்குக்கும் குடிதான் பிரச்சினை; அவருக்கு ஆறு மாதம் விடுப்புக் கொடுத்தார்கள். அவர் திரும்பி வரவில்லை. 1991 ஜனவரியில் இறந்துபோனார். காத்திருந்தால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே.

"அவர்களிடம் பணம் இருந்தது, காத்திருந்தார்கள்." இதற்குத்தான் இவ்வளவு நீளம்.

என் அண்ணன் திருச்சிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். 'ஹிஸ்டீரியா' கேசட்டை நாடா தேயத் தேயக் கேட்டு, அதைத் தலையணையில் அடித்துப் பழகியவர். 2004இல், பங்குனித் திருவிழாக்களுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பைக்கிலிருந்து விழுந்தார். வலது மணிக்கட்டில் நரம்பு போய்விட்டது. விரல்கள் மடங்கும், ஆனால் குச்சி நிற்காது. குழுவை நடத்தியவர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். "நீ முதலில் தேறி வா, சீட்டு உனக்குத்தான்" என்றார். அம்மா அழுதுகொண்டே காபி கொடுத்தாள். பத்தாவது நாள் சமயபுரம் பக்கம் ஒரு கச்சேரியில் புதுப் பையன் உட்கார்ந்திருந்தான்.

சீசன் நேரம், அட்வான்ஸ் வாங்கியாயிற்று, அவரும்தான் என்ன செய்வார்? இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் நாங்களே எங்களிடம் இருபது வருடமாகக் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் அந்தக் குழுவின் வேனிலேயே ஒரு ஆக்டோபேட், அதாவது தட்டினால் டிரம்ஸ் சத்தம் தரும் எலக்ட்ரானிக் பலகை, கிடந்தது. அதோடு கால் பெடலும் இருந்தது. இடது கையும் இரண்டு காலும் நன்றாக இருந்த ஒருவருக்கு அதைப் போட்டுக் கொடுத்து, ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எத்தனை கோடி வேண்டும்? அண்ணனுக்கு மனவுறுதி இல்லை என்று சொல்லப்போகிறீர்களா? மொட்டை மாடியில் பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப்போட்டு இடது கையால் எட்டு மாதம் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டார் வந்து சண்டை போட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. இப்போது செராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

அதனால்தான் "மனம் இருந்தால் கை எதற்கு" என்று நீங்கள் கைதட்டும்போது, மனம் இருந்தும் கூப்பிடப்படாதவர்களைப் பார்த்து நீங்கள் சொல்வதாக எனக்குக் கேட்கிறது. அப்படி நினைத்துப் போடவில்லை என்பீர்கள். தெரியும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க விருப்பமில்லை. அந்த வீடியோவை எனக்கு முதலில் அனுப்பியதே அண்ணன்தான். வாசகத்தைப் பற்றி, வயலினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே இப்படி எழுதியிருந்தார்: "இடது பக்கம் வரிசையாகப் பெடல்கள் தெரிகின்றன பார். அதில் எது ஸ்னேர்?"