முதல் விருப்பமாகத்தான் எழுதினாள்

எங்கள் பள்ளியில் நடந்த பாராட்டு விழாவைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் மறுபடியும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஒன்றரை நிமிடக் காணொளியை எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். அவர்களில் நான்கு பேர் சிரிக்கும் பொம்மையையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். சிறப்பு விருந்தினரின் பெயரையோ பதவியையோ நான் எழுதப் போவதில்லை. அவர் கெட்டவர் அல்லர். பள்ளிக்கு ஆறு மின்விசிறிகள் வாங்கித் தந்தவர். நான் எழுத வந்தது அவர் கேட்ட கேள்வியைப் பற்றி மட்டுமே. 600க்கு 561 மதிப்பெண் எடுத்து, எல்லாப் பிரிவு மாணவர்களையும் தாண்டிப் பள்ளியில் முதலாவதாக வந்த பெண்ணிடம் பரிசைக் கொடுத்துக்கொண்டே, "அடுத்து என்னம்மா?" என்றார். "பி.ஏ. ஹிஸ்டரி சார், கவர்ன்மென்ட் லேடீஸ் காலேஜ்ல அப்ளை பண்ணியிருக்கேன்" என்றாள். "ஏன், வேற எதுவும் கிடைக்கலையா?" என்றார். கூட்டம் சிரித்தது. சிரிப்பு தந்த உற்சாகத்தில், "சரி சரி, கல்யாணம் ஆகுற வரைக்கும் ஏதாவது படிக்கணும்ல" என்றும் சேர்த்துக்கொண்டார். இரண்டாவதற்குத்தான் கூட்டம் அதிகமாகச் சிரித்தது.

அவள் வரலாற்றை முதல் விருப்பமாகத்தான் எழுதினாள். இதைத்தான் நான் சொல்ல வந்தேன். வேறு எதுவும் கிடைக்காமல் எழுதவில்லை. விண்ணப்பித்த அன்று அவளுக்கு எல்லாமே கிடைக்கக்கூடியதாகத்தான் இருந்தது. அரசுக் கலைக் கல்லூரிகளின் தரவரிசை எப்படித் தயாராகிறது என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தமிழ், ஆங்கிலம் தவிர்த்த மற்ற நான்கு பாடங்களின் கூட்டுத்தொகை 400க்கு எவ்வளவு என்று பார்த்து அந்தப் பட்டியலைப் போடுகிறார்கள். அவளுக்கு அதில் 379. எல்லோரும் முட்டி மோதுகிற பி.காம். இடம்கூட அவளுக்குக் கிடைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவளுக்கு அது வேண்டாம்; அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியை அவளிடம் முதலில் கேட்டவரும் அந்த விருந்தினர் அல்லர். இணையத்தில் விண்ணப்பிக்க அவள் போன கணினி மையத்தில் இருந்த தம்பி, பாடத்தைத் தேர்வு செய்யும் இடம் வந்ததும் கையை நிறுத்திவிட்டு, "ஹிஸ்டரியா? பி.காம். போட்டுடட்டுமா அக்கா?" என்று அவளுடைய அம்மாவிடம் கேட்டிருக்கிறார். பதிவுக் கட்டணம் 2 ரூபாய், விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், ஆக 50 ரூபாய்க்கான வேலைக்கு 150 ரூபாய் வாங்கிக்கொண்டவர், ஆலோசனையை மட்டும் இலவசமாகவே கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள். சித்தப்பா தொலைபேசியில் கேட்டிருக்கிறார். ஒரு பதினேழு வயதுப் பெண், தான் படிக்க விரும்பும் பாடத்தின் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும், ஏதோ துக்கச் செய்தியைச் சொன்னதைப் போல எதிரே இருப்பவர்கள் முகத்தை மாற்றிக்கொண்டால், அவள் எத்தனை நாளைக்குத்தான் தலை நிமிர்ந்து அதைச் சொல்லிக்கொண்டிருப்பாள்?

அவள் ஏன் வரலாற்றைக் கேட்டாள் என்று அந்த மேடையில் யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்பதால் நானே சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் சோழர் பாடம் நடத்தும்போது, புத்தகத்தில் இல்லாத ஒன்றை வழக்கம்போல நடுவில் சொன்னேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டொன்றில் ராஜராஜன் அங்கே குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருத்தியும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டாள், அவள் பெயர் என்ன, எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு அவளுக்கு என்பதுவரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். வகுப்பில் மற்றவர்கள் நெல்லைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது இவள் எழுந்து, "அவங்களை வரச் சொன்னப்போ வர மாட்டேன்னு யாராவது சொல்லியிருப்பாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பாடத்தை நடத்துகிறேன். எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை. கல்வெட்டு அதற்குப் பதில் சொல்லாது என்றேன். "அப்ப எது சொல்லும்?" என்றாள். பதில் சொல்லும் சான்று எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்குத்தான் வரலாற்றுப் படிப்பு என்று பெயர். இந்தப் பெண்ணிடம்தான் வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று கேட்டார்கள்.

"படித்துவிட்டு வேலைக்கு என்ன செய்வாள்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்குத் தயாராகும் இளைஞர்கள் மாலை நேரத்தில் பயிற்சி மையங்களில் உட்கார்ந்து எதை மனப்பாடம் செய்கிறார்கள்? பி.இ. முடித்தவர்களும் பி.எஸ்சி. முடித்தவர்களும் பணம் கட்டி அங்கே படிப்பவற்றில் வரலாறும் பண்பாடும் அரசியலமைப்பும் முக்கியமானவை. குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடங்களில் வரலாறும் ஒன்று. பி.எட். முடித்தால் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தலாம். மூன்றாண்டு சட்டப் படிப்புக்குப் போகலாம். தொல்லியல், கல்வெட்டியல், அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் என்று துறைகள் இருக்கின்றன. கீழடியின் பெயரைச் சொல்லி மேடைதோறும் மார்தட்டுகிறோம். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலத்தை 2025 ஜனவரியில் அறிவித்தபோது ஊரெல்லாம் வாழ்த்துப் பலகை வைத்தோம். அந்தக் குழிகளில் இறங்கி மண்ணைச் சுரண்டுவதற்கும், பானை ஓட்டுச் சில்லில் கீறியிருப்பதைப் படிப்பதற்கும் ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்று நினைக்கிறோம்? பெருமை மட்டும் நமக்கு வேண்டும். பெருமையைத் தோண்டி எடுக்கும் படிப்பு அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு.

இந்தத் துறைகளில் பணியிடங்கள் குறைவு என்பதும், அவை ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கின்றன என்பதும், அரசுக் கல்லூரிகளிலேயே கௌரவ விரிவுரையாளர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆனால் அந்தக் கவலையோடு கேட்டவர் யாரும் சிரித்துக்கொண்டே கேட்க மாட்டார்.

அடுத்தது பெண்கள் கல்லூரி. "அங்கே படித்தால் உலகம் தெரியாது" என்று ஒரு நண்பர், அதுவும் நான் மதிக்கும் நண்பர், எனக்கு எழுதியிருக்கிறார். எங்கள் பள்ளியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்துதான் படிக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வகுப்புத் தலைவன் என்றால் பையன், துணைத் தலைவி என்றால் பெண். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததால்தான் மாற்றவும் முடியவில்லை. நான் படித்த பெண்கள் கல்லூரியில் பெஞ்சு தூக்கியவளும் பெண். ஒலிபெருக்கிக்காரரிடம் பேரம் பேசியவளும் பெண். பேரவைத் தலைவியும் பெண், அவளை எதிர்த்து நின்று தோற்றவளும் பெண். களப்பயணத்தின்போது நடுவழியில் பேருந்து நின்றுவிட்டபோது, இறங்கித் தள்ளியவர்கள் நாங்கள் நாற்பது பேர். உலகம் எனக்கு அங்கேதான் தெரிந்தது.

பெண்கள் கல்லூரி ஏன் வந்தது என்பதும் வரலாறுதான், ஆகையால் அதைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். புதுக்கோட்டையில் முத்துலட்சுமி ரெட்டி கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது அங்கே இருந்தது ஆண்கள் கல்லூரி. எதிர்ப்புகளைத் தாண்டி மன்னரே அனுமதித்த பிறகுதான் அவரால் உள்ளே நுழைய முடிந்தது. பாளையங்கோட்டையில் 1895இல் சாராள் தக்கர் கல்லூரியும், சென்னைக் கடற்கரையில் 1914இல் தொடங்கிப் பின்னர் ராணி மேரி என்று பெயர் பெற்ற கல்லூரியும், அப்படி ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மன்னரின் தயவுக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதற்கான வாசல்கள். அதே ராணி மேரிக் கல்லூரி வளாகத்தை 2003இல் தலைமைச் செயலகம் கட்ட எடுத்துக்கொள்ள அரசு முடிவு செய்தபோது, கல்லூரிக்குள்ளேயே இருந்து போராடியவர்கள் அங்கே படித்த மாணவிகள். கல்லூரி இன்றும் அங்கேதான் இருக்கிறது. உலகம் தெரியாத பெண்கள்! கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரி இன்றளவும் பெண்களுக்கு மட்டும்தான். அங்கே நம் ஊர்ப் பெண் ஒருத்தி வரலாறு படிக்கப் போனால் இதே விருந்தினர் பொன்னாடை போர்த்துவார். பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் அரசுக் கல்லூரி என்பதால்தான் கல்யாணம் ஞாபகத்துக்கு வருகிறது.

அவளுடைய அப்பா, பெண்கள் கல்லூரி என்றால்தான் அனுப்புவேன் என்று சொன்னார் என்பதை நான் மறைக்கவில்லை. சொன்னார்தான். அவர் சரக்கு வண்டி ஓட்டுபவர். வாரத்தில் நான்கு நாள் வெளியூர். அவருடைய பயத்தை நான் நியாயப்படுத்தவில்லை, கேலி செய்யவும் மாட்டேன். ஆனால் கல்லூரியைத்தான் அவர் சொன்னாரே ஒழியப் பாடத்தைச் சொல்லவில்லை. பாடம் அவளுடைய முதல் விருப்பம். பத்துத் தடவை சொல்லிவிட்டேன் என்று தெரிகிறது. பதினோராவது தடவையும் சொல்வேன்.

"நீங்கள் வரலாற்று ஆசிரியை, உங்கள் கடைக்கு ஆள் பிடிக்கிறீர்கள்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஆம் ஐயா, பிடிக்கிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. நான் விண்ணப்பித்த காலத்தில் இணையம் கிடையாது. கல்லூரி வாசலில் வரிசையில் நின்று படிவம் வாங்கி, விரும்பும் பாடங்களை வரிசைப்படுத்தி மையால் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் விருப்பம் என்ற இடத்தில் வரலாறு என்று எழுதியிருந்தேன். படிவத்தை வாங்கிய அலுவலர், "இதை மூணாவதா போடும்மா, அது எப்படியும் கிடைக்கும்" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் மாற்றவில்லை. என் அப்பா தையல் கடை வைத்திருந்தவர். மூன்று ஆண்டுகளும், கடைக்கு வருபவர்கள் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "காலேஜ் போறா" என்பார். என்ன பாடம் என்று துருவினால், "பி.ஏ." என்று சொல்லிவிட்டுத் தையல் இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கிவிடுவார். வரலாறு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர், பங்காளித் தகராறுக்காகப் பழைய நிலப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அதில் பசலி 1345 என்று, நிலவரிக் கணக்கு ஆண்டாக, இருந்தது. அது எந்த வருடம் என்று யாருக்கும் தெரியவில்லை. 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும், பசலி ஜூலையில் தொடங்கும், ஆகவே இது 1935 ஜூலைக்கும் 1936 ஜூனுக்கும் இடையில் எழுதியது என்று சொன்னேன். அவருக்கு ஆச்சரியம். "பொண்ணு பெரிய கெட்டிக்காரியா இருக்கே" என்றார். அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "ஆமாமா, சின்ன வயசுலேருந்தே கணக்குல கெட்டி" என்றார்.

அப்பா போய் ஒன்பது வருடமாகிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்புறம் வேறு ஏதோ வருகிறது.

"வேடிக்கையாகச் சொன்னதைப் பெரிதுபடுத்துகிறீர்கள்" என்பவர்களுக்கு ஒன்று. வேடிக்கை என்றால் பேச்சுக்குரியவரும் சிரித்திருக்க வேண்டும். அந்தக் காணொளியை ஒலியை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். எல்லோருடைய பல்லும் தெரிகிறது, அவளுடையதைத் தவிர. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மேடையில் இடமிருந்து மூன்றாவது நாற்காலியில் பச்சைப் புடவை கட்டிய ஒரு ஆசிரியை உட்கார்ந்திருப்பதும், அவரும் சிரிப்பதும் தெரியும். அது நான்தான். விருந்தினர் பேசினால் மேடையில் இருப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்ற பழக்கத்தில் சிரித்துவிட்டேன். பதினோரு பேர் அனுப்பினார்கள் என்றேனே, அவர்களில் ஒருவர்கூட அதைக் குறிப்பிடவில்லை. அவர்கள் கவனிக்கவில்லையா, கவனித்தும் நாகரிகமாக விட்டுவிட்டார்களா என்று தெரியவில்லை. அவள் கவனித்திருப்பாள். போன மார்ச் மாதம் அவள் முதன்முதலில் வரலாறு என்று சொன்னபோது, "நல்லா யோசிச்சியா?" என்று நானும்தான் கேட்டேன். அது வேறு, அக்கறையில் கேட்டது என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த விழாவில் முதல் மாணவிக்கு விருந்தினர் கொடுத்த பரிசு ஒரு சயின்டிபிக் கால்குலேட்டர். அறிவியல் பிரிவுப் பிள்ளைதான் முதலிடம் வரும் என்று முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை காலையில் கலந்தாய்வு. வைகாசி முகூர்த்தக் காலம் என்பதால் ஜவுளிக் கடையில் வேலை செய்யும் அவளுடைய அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்காது. அப்பா வண்டியோடு வெளியூரில் இருப்பார். நான் கூட வரட்டுமா என்று நேற்றுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாங்க டீச்சர்" என்றாள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். முதல் பேருந்து ஐந்து நாற்பதுக்கு.