88 வயதில் அப்துல்லா இப்ராஹிம் வாசித்ததைக் கேட்டவன் சொல்கிறேன்

ஒரு பெரிய கலைஞருக்கு எண்பது தாண்டிவிட்டால் உடனே ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. "ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடு, இனிமே கிடைக்காது." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதே இல்லை. உயிரோடு இருக்கிற மனிதருக்கு அஞ்சலி செலுத்தப் போகிற மாதிரி டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால், அவர் அன்றைக்கு என்ன வாசித்தார் என்பது காதில் விழவே விழாது.

2023 ஜூலையில் லண்டன் பார்பிகன் அரங்கில் ஜாஸ் பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராஹிம் கச்சேரி. முடிந்து வெளியே வரும்போது எனக்கு முன்னால் படியிறங்கிய இரண்டு பேர் பேசிக்கொண்டது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "பாதி நேரம் சும்மாதானே உட்கார்ந்திருந்தார்" என்றார் ஒருவர். "இந்த வயசில் இவ்வளவு வாசித்ததே பெரிசு, பார்த்துட்டோமே, அது போதும்" என்றார் மற்றவர். குறை சொன்னவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவராவது கேட்க வந்திருக்கிறார், கேட்டது போதவில்லை என்கிறார். சமாதானம் சொன்னாரே, அவர் மேல்தான் கோபம். அன்று மேடையில் நடந்ததற்குச் சலுகை மதிப்பெண் போட வேண்டிய அவசியமே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அவரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1934ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் அடால்ஃப் ஜோஹன்னஸ் பிராண்ட். பாட்டி தேவாலயத்தில் பியானோ வாசித்தவர், இவரும் ஏழு வயதில் கட்டையில் கை வைத்துவிட்டார். துறைமுகத்தில் வந்து இறங்கும் அமெரிக்க மாலுமிகளிடம் ஜாஸ் இசைத்தட்டுகள் வாங்குவாராம், அதில் ஒட்டிக்கொண்டதுதான் 'டாலர் பிராண்ட்' என்ற பெயர் என்பார்கள். 1968 வாக்கில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா இப்ராஹிம் ஆனார். 1959ல் ஹியூ மசகேலா, கிப்பி மோகெட்சி, ஜோனாஸ் குவாங்வா ஆகியோருடன் ஜாஸ் எபிஸில்ஸ் என்ற குழுவில் இருந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஷார்ப்வில்லில் நிறவெறிச் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களைக் காவல்துறை சுட்டு 69 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஜாஸ் கேட்பதே சந்தேகத்துக்குரிய காரியமாகிவிட்டது. 1962ல் ஊரை விட்டுக் கிளம்பி சூரிச் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தபோது, பின்னாளில் அவர் மனைவியான பாடகி சதீமா பீ பெஞ்சமின், ஊருக்கு வந்திருந்த அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டனைப் போய்ப் பிடித்து, வற்புறுத்தி, அந்தக் கிளப்புக்குக் கூட்டிவந்தார். எலிங்டன் கேட்டார், சில நாட்களிலேயே பாரிஸில் ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தார். இது 1963. ஒரு பெண்ணின் பிடிவாதம் இல்லாவிட்டால் இந்தக் கதை சூரிச்சிலேயே முடிந்திருக்கலாம். எங்கே எழுதினாலும் சதீமா பெயரை விடாமல் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

சரி, அவருடைய 'மானன்பெர்க்' என்ற பாட்டைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதி. முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், மலாய் வழி வந்தவர்கள், கறுப்பர்கள், யூதர்கள் எல்லாரும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்த இடம். 1966 பிப்ரவரியில் அதை வெள்ளையர் பகுதி என்று அரசு அறிவித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் 60,000 பேருக்கு மேல் வெளியேற்றி, வீடுகளை புல்டோசர் விட்டு இடித்தார்கள். காற்றும் மணலுமாகக் கிடந்த கேப் ஃபிளாட்ஸ் சமவெளியில் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். அப்படி உருவான குடியிருப்புகளில் ஒன்றின் பெயர்தான் மானன்பெர்க். 1974ல் இப்ராஹிம் கேப் டவுன் ஸ்டுடியோ ஒன்றில் பதிவுக்கு உட்கார்ந்தபோது அங்கே கிடந்த சாதாரண நிமிர்ந்த பியானோவில் கை வைத்தார். அதற்குள் தந்திகளைத் தட்டுகிற சுத்தியல்களில் யாரோ தட்டைத் தலை ஊசிகளைக் குத்தி வைத்திருந்ததால் தகரம் மாதிரிக் கணகணவென்று ஒலிக்கும். அந்தச் சத்தத்திலிருந்து ஒரு மெட்டு பிறந்தது. பேசில் கூட்சியா டெனர் சாக்ஸபோன் எடுத்தார், ராபி ஜான்சன் கூடச் சேர்ந்தார். 13 நிமிடத்துக்கு மேல் ஓடும், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அது ஒன்றுதான். வரியே இல்லை என்று சொல்லலாம். தடை செய்ய ஒரு வார்த்தை கிடைக்காத அந்தப் பாட்டு, எண்பதுகளில் நிறவெறி எதிர்ப்புக் கூட்டங்களில் எல்லாம் ஒலித்தது. 1976ல் சொவெட்டோ எழுச்சிக்குப் பிறகு அவர் மறுபடியும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது, வெளிப்படையாக ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸை ஆதரித்தார். 1994ல் மண்டேலா பதவியேற்பு விழாவில் வாசித்தார்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு போகிறபோது ஒரு ஆபத்து இருக்கிறது. மனிதர் வரலாறாகிவிடுகிறார், சிலையைப் பார்க்கிற மாதிரி பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். அரங்கில் ஏறக்குறைய 1,900 இருக்கைகள். அவர் மெதுவாக நடந்து வந்தபோதே கூட்டம் எழுந்து நின்று தட்டியது. தட்ட வேண்டியதுதான், நானும் தட்டினேன். ஆனால் அந்தக் கைதட்டல் அவ்வளவும் போன நூற்றாண்டுக்கானது, அன்றைக்கு அவர் இன்னும் ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை.

மேடையில் மூன்று பேர்தான். டிரம்ஸ் கிடையாது. கிளீவ் கைட்டன் புல்லாங்குழலும் பிக்கலோ என்ற சின்னக் குழலும், நோவா ஜாக்சன் பேஸ், செல்லோ என்ற பெரிய தந்தி வாத்தியங்கள். இவர் பியானோ. வணக்கம் இல்லை, பாட்டின் பெயர் சொல்வதில்லை. உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் கட்டைகளைப் பார்த்தார், பிறகு ஆரம்பித்தார்.

என் இருக்கை இடது பக்கம் மாடியில், கை தெரிகிற இடம். (பியானோ கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் இடது பக்கம் எடுங்கள், முகம் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை.) தேவாலயத்துப் பாட்டு மாதிரி நான்கைந்து சுரம் சேர்ந்த ஒரு கார்டை மென்மையாக அழுத்துவார். அடுத்ததுக்கு ஓட மாட்டார். விரல்களை ஒவ்வொன்றாக எடுப்பார். கார்டு கரைந்து கரைந்து கடைசியில் நடுவில் ஒரே ஒரு சுரம் மட்டும் நிற்கும். அது எந்தப் பாட்டுக்கும் சொந்தமில்லாத மாதிரி அங்கே தொங்கிக்கொண்டிருக்கும்போது, இடது கை கீழே வேறொரு சுரத்தைத் தொடும், சட்டென்று அந்தத் தனிச் சுரம் புதுப் பாட்டின் முதல் சுரமாகியிருக்கும். நாம் ஒரு பாட்டுக்குள் இருந்தோம், எந்த இடத்தில் அடுத்ததுக்குள் வந்தோம் என்று சொல்ல முடியாது. பல பத்தாண்டுகளாக அவர் தனிக் கச்சேரி வாசிக்கிற முறையே இதுதான், நடுவில் நிறுத்தாமல், கைதட்ட இடம் கொடுக்காமல், ஒன்றிலிருந்து ஒன்று. வயதானதால் கண்டுபிடித்த உபாயம் இல்லை இது.

அப்புறம் அந்த 'சும்மா உட்கார்ந்திருந்த' பகுதி. குழலும் பேஸும் மட்டும் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' எடுத்தார்கள், பிறகு பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்கின் ஒரு பாட்டு. ஜாஸில் பரிச்சயம் இல்லாதவர்களுக்கு: 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' என்பது கார்டுகள் தலைதெறிக்க மாறிக்கொண்டே இருக்கிற பாட்டு, மாணவர்களை மிரட்டுவதற்கே இருக்கிற மாதிரி. 1959ல் கோல்ட்ரேன் அதைப் பதிவு செய்தபோது பியானோவில் இருந்த டாமி ஃபிளனகன் எப்பேர்ப்பட்ட வித்வான், அவர் தன் முறை வந்தபோது தடுமாறுவது இன்றைக்கும் அந்தப் பதிவில் கேட்கிறது. அப்போது அவருக்கு 29 வயது. அதே பாட்டை 1982ல் ஃபிளனகன் தன் சொந்தக் குழுவுடன் மறுபடி பதிவு செய்தார், அவ்வளவு நிதானம், அவ்வளவு அழகு. வயது பியானோக்காரரிடமிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும் என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும்.

அந்த நேரம் முழுக்க இப்ராஹிம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு எடுக்கிற மனிதரின் உடம்பு இல்லை அது. பேஸ் ஒரு திருப்பம் எடுத்தபோது அவர் வலது கை விரல் மடியிலேயே லேசாக அசைந்தது. அவர்கள் முடித்ததும் இவர் தன் பங்குக்கு வேகமாக ஒன்றை எடுத்துக் காட்டியிருக்கலாம், எத்தனையோ பேர் செய்வார்கள். இவர் மூன்றே சுரம் வைத்தார். அந்த மூன்றும் குழல் கடைசியாக விட்ட இடத்திலிருந்து எடுத்தவை. கேட்டுக்கொண்டிருந்தவனுக்குத்தான் அது வரும்.

விரல் பழைய மாதிரி இல்லை என்பதை நான் மறைக்கவில்லை. 1969ல் கோபன்ஹேகனில் ழாஸ்ஹூஸ் மோன்மார்த்தர் கிளப்பில் தனியாக வாசித்த பதிவு இருக்கிறது, 'ஆப்பிரிக்கன் பியானோ' என்ற பெயரில் வந்தது. அதில் இடது கை ஒரே சுர வரிசையைத் திரும்பத் திரும்ப இடித்துக்கொண்டே போகும், வலது கை மேலே புயல் மாதிரி. பின்னால் ஆட்கள் பேசுவதும் கண்ணாடிக் கோப்பைச் சத்தமும்கூடக் கேட்கும், அதையெல்லாம் தள்ளிக்கொண்டு வாசிக்கிறார். அந்த இடது கை 88 வயதில் இல்லை. ஆனால் அந்தப் பதிவிலேயே காது கொடுத்துக் கேட்டால், புயலுக்கு நடுவில் அவர் நிறுத்துகிற இடங்கள் இருக்கின்றன. எலிங்டனிடமும் மாங்கிடமும் அவர் எடுத்துக்கொண்டதே அதைத்தான், எதை வாசிக்காமல் விடுவது என்பதை. 35 வயதில் அதைச் சுற்றி ஏராளமான சுரங்கள் இருந்தன. இப்போது சுற்றியிருந்தவை விலகி, அது மட்டும் நிற்கிறது. குறைந்துபோனதாக எனக்குத் தோன்றவில்லை. முன்பைவிடத் தைரியம் கூடியிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது, ஏனென்றால் அவ்வளவு பெரிய அரங்கில் ஒரு சுரத்தை வைத்துவிட்டு அது முழுசாக அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதற்கு, நூறு சுரம் வாசிப்பதைவிட நெஞ்சுரம் வேண்டும். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

இன்னொன்று. அதே அரங்கில் கூட்டம் வருவதற்கு முன்னால், காலி இருக்கைகளுக்கு நடுவே இந்த மூன்று பேரும் வாசித்ததும் பதிவாகியிருக்கிறது, நேராக டேப்பில். அதையும் பிறகு நாங்கள் கேட்ட கச்சேரியையும் சேர்த்து அடுத்த ஆண்டு தொடக்கத்தில் '3' என்ற பெயரில் வெளியிட்டார்கள். யாருமே இல்லாத அரங்கிலும் அதே பொறுமை, அதே இடைவெளி. கூட்டத்தின் பரிதாபத்தையும் மரியாதையையும் நம்பி வாசிக்கிற ஆள் இல்லை இவர் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அதனால்தான் "பார்த்துட்டோமே, அது போதும்" என்றால் எனக்கு ஆறுவதில்லை. நேரில் பார்ப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பதிவில் அந்த மௌனங்களை நாம் தாண்டிவிடுவோம், போனை எடுத்துப் பார்ப்போம், அரங்கில் அப்படிச் செய்ய முடியாது. நம்மோடு இன்னும் எத்தனையோ நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதே சுரம் அடங்குவதைக் கேட்கிறார்கள் என்பது கேட்பதையே மாற்றிவிடுகிறது. ஆனால் அது கேட்கப் போகிறவர்களுக்கு. போட்டோ எடுத்து, 'ஒரு சகாப்தத்தைக் கண்டேன்' என்று எழுதுவதற்குப் போனால் அதில் ஒன்றும் கிடைக்காது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் 1974ன் 'மானன்பெர்க்' கேளுங்கள், 13 நிமிடத்தையும் முழுசாக. ஒரே கார்டு வரிசை சுற்றிச் சுற்றி வரும், ஜோஹன்னஸ்பர்க் சாராயக் கடைகளில் வளர்ந்த மராபி இசையின் வழக்கம் அது, அலுப்பு தட்டுகிற மாதிரி இருக்கும்போது சாக்ஸபோன் வந்து தூக்கிக்கொண்டு போகும். அதற்கப்புறம் '3'ன் முதல் பாதியை இரவில் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். இடையில் இருக்கிற ஐம்பது வருடத்தைப் பிறகு நிதானமாக நிரப்பிக்கொள்ளலாம்.

கென்னி பாரன், ஹெர்பி ஹான்காக் என்று எண்பது வயதுக்குப் பிறகும் மேடை ஏறியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி யாராவது உங்கள் ஊருக்கு வந்தால் தயவுசெய்து அவர்களுடைய அறுபதுகளின் பெரிய பதிவுகளை மட்டும் கேட்டுவிட்டு, அதையே எதிர்பார்த்துப் போய் உட்காராதீர்கள். கடைசியாக என்ன பதிவு வந்திருக்கிறது என்று தேடி, அதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.