மார்ட்டினின் கடைசி ஆண்டுகள்
குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் தந்தை லூயி மார்ட்டினைப் பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று, மகளை அவர் துறவற மடத்துக்கு அனுப்பியதை விரித்துரைத்துவிட்டு, அவருடைய இறுதிக்காலத்தை ஒரே வரியில் முடித்திருப்பது வருத்தமளிக்கிறது. பிரான்சின் அலென்சோன் நகரில் கடிகாரத் தொழில் செய்து, பெற்ற ஒன்பது பிள்ளைகளில் நால்வரைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்து, 1877இல் மனைவியையும் மார்பகப் புற்றுநோயில் பறிகொடுத்து, ஐந்து பெண்மக்களையும் வளர்த்தெடுத்த அம்மனிதர், மனம் தடுமாறிய நிலையில் 1889 முதல் 1892 வரை கான் நகர மனநல மருத்துவமனையில் இருந்தார். துறவிகள் வெளியே செல்லாத அடைபட்ட மடத்திலிருந்த மகள்களால் அவரைச் சென்று பார்க்க இயலவில்லை. மடத்துக்கு வெளியிலிருந்த மகள் செலின்தான், வீடு திரும்பிய தந்தையை 1894 ஜூலை 29 அன்று அவர் கண்மூடும்வரை உடனிருந்து பராமரித்தார். 2015இல் தம்பதியர் இருவரும் ஒன்றாகவே புனிதர்களாக அறிவிக்கப்பட்டபோது, நினைவிழந்து படுத்திருந்த என் அப்பாவின் கட்டிலருகே அமர்ந்து, அந்த மூன்று ஆண்டுகளை எண்ணித்தான் நான் செபித்தேன்.